கார்டு அவள் பேரில், மூட்டை யார் வீட்டில்?

கேள்வி: கென்யாவின் துர்கானா மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வறட்சி நிவாரண உணவு வழங்குகிறேன். ரேஷன் கார்டு எல்லாம் பெண்கள் பெயரில்தான். ஆனாலும் வழங்கிய மறுநாளே பல மூட்டைகள் கடைத்தெருவுக்குப் போய்விடுகின்றன. சில பெண்கள் தங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: கார்டில் யார் பெயர் என்பதைவிட, எதை ஒரு குடும்பம் என்று எண்ணினீர்கள் என்பதை முதலில் பாருங்கள். துர்கானா மக்களின் 'அவி' என்பது ஓர் ஆணின் மொத்தக் குடியிருப்பு. அதற்குள் ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை, தனி அடுப்பு, அவள் கறந்துகொள்ள என்று ஒதுக்கிய ஆடுமாடுகள். பதிவேட்டோடு போய் "குடும்பத் தலைவர் யார், மனைவி பெயர் என்ன?" என்று கேட்டால் மூத்தவள் பெயர்தான் வரும். இளையவளின் பிள்ளைகளுக்கு அதன்பின் மூத்தவள் மனசு வைத்தால்தான் உண்டு. "எத்தனை அடுப்பு எரிகிறது?" என்று கேளுங்கள். அடுப்புக்கு ஒரு கார்டு. தலைவரைக் கேட்டு எழுதும் பட்டியலில் இன்னொரு கூட்டமும் விடுபடும்: பரிசமாகத் தர வேண்டிய கால்நடை முழுக்கக் கைமாறாததால், பிள்ளை பெற்ற பிறகும் தகப்பன் வீட்டிலேயே இருக்கும் பெண்கள். புருஷன் வீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறாது, தகப்பன் வீட்டுப் பட்டியலிலும் ஏறாது. வறட்சியில் மந்தை அழிய அழியப் பரிசம் தள்ளிப்போகும், இவர்கள் எண்ணிக்கை கூடும். பதிவேட்டை ஒரே நாளில் மூடிவிடாதீர்கள். கிடை பெயர்ந்து திரும்பி வருகிறவளைச் சேர்க்க மாதத்தில் ஒரு நாளாவது வேண்டும்.

அடுத்தது சுமை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்ற அளவை ஒட்டி வழக்கமாகக் கொடுப்பது தானியம் 400 கிராம், பருப்பு 60, சத்துமாவு 50, எண்ணெய் 25, உப்பு 5 கிராம். 6 பேர் உள்ள அடுப்புக்கு 30 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: தானியம் மட்டும் 72 கிலோ, எல்லாம் சேர்த்து 97 கிலோவுக்கு மேல். இடுப்பில் கைக்குழந்தையோடு 8 கிலோமீட்டர் நடந்து வந்தவள் இதை எப்படிக் கொண்டுபோவாள்? கழுதை இருந்தாலும் இரண்டு நடை ஆகும். அந்தக் கழுதையும் காலையில் தண்ணீருக்குப் போயிருக்கும். அதனால்தான் கொடுத்த இடத்திலேயே ஒரு பங்கு கைமாறுகிறது: பொதிக்குக் கூலி, மாவு மில்லுக்குக் கூலி, கடைக்காரரிடம் இரண்டு மாதமாகச் சேர்ந்த பாக்கி. கடனுக்கு ஈடாகக் கார்டே கடையில் இருப்பதும் உண்டு. கடைத்தெருவில் மூட்டையைப் பார்த்ததும் 'உணவு வேண்டாதவர்கள் விற்கிறார்கள்' என்று பட்டியலைச் சுருக்குவது நான் அறிந்த தவறுகளில் மோசமானது.

வழங்கும் இடத்தை 5 கிலோமீட்டருக்குள் கொண்டுவாருங்கள், அல்லது 15 நாளுக்கு ஒருமுறை பாதிப் பங்காகக் கொடுங்கள். லாரிச் செலவு கூடும்தான். ஆனால் அந்தச் செலவை இப்போது பெண்கள் தானியமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிடையோடு தொலைவில் இருப்பவர்களுக்கு மட்டும் மாதப் பங்கே வசதி. ஒட்டகமோ கழுதைகளோ கூட்டி வந்து ஒரே நடையில் ஏற்றிப்போவார்கள். கார்டில் இரண்டாவதாக ஒரு பெயர் சேர்க்க இடம் விடுங்கள், அது யார் பெயர் என்பதை அவளே சொல்லட்டும்.

அளவை நேரில் நின்று பாருங்கள். கென்யச் சந்தைகளில் 'கொரொகொரோ' என்ற 2 கிலோ டின்தான் படி. ஆளுக்கு ஒரு டின் என்று தலைதட்டி அளந்தால் 50 கிலோ மூட்டை 25 பேருக்கு வரும். குவித்து அளந்து ஒவ்வொரு டின்னிலும் 200 கிராம் கூடினால் 22 பேரோடு கிட்டத்தட்டக் காலி. 23-வது ஆளுக்கு 1.6 கிலோ, கடைசி இரண்டு பேருக்கு வெறும் சாக்கு. வரிசையின் கடைசியில் நிற்பது பெரும்பாலும் தூரத்திலிருந்து வந்தவளும் ஆள்பலம் இல்லாதவளும்தான். "எதுவுமே வரவில்லை" என்று உங்களிடம் சொன்னவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள் என்று விசாரியுங்கள். டின்னோடு ஒரு தட்டுக்கோலும் கொடுங்கள், மூட்டை பிரிக்கும்போதே எத்தனை டின் என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, பக்கத்துப் பக்கத்து அடுப்புக்காரிகள் பத்துப் பேரைக் குழுவாக்கி முழு மூட்டைகளாகக் கொடுத்துவிடுவது. பங்கை அவர்களே வட்டமாக உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள், ஒருத்தி கண்ணை இன்னொருத்தி ஏமாற்ற முடியாது.

நிவாரணக் கமிட்டியில் பாதிப் பேர் பெண்கள் என்று கணக்குக் காட்டுவது சுலபம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் மரத்தடியில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இருப்புக் கணக்கும் டின்னும் பெண்கள் கையில் இருக்கட்டும். பட்டியலைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க, படித்த ஒரு பெண்ணை வையுங்கள். அடையாள அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். கென்யாவின் வடக்கில் அது இல்லாத பெண்கள் நிறைய. கூடியிருப்பவர்கள் 'இவள்தான்' என்று சொன்னால் போதும். வேலையைக் காலையில் தொடங்கி உச்சிக்குள் முடியுங்கள், இருட்டுமுன் அவர்கள் வீடு சேர வேண்டும்.

பகிர்ந்துகொள்வதைத் தடுக்கப் பார்க்க வேண்டாம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் நாளை தன் ஆடு செத்தபோது கேட்க நாதி இருக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். 100 அடுப்புக்கு வந்தது 200 அடுப்பில் வேகும். கடும் வறட்சிப் பகுதியில் ஏழைகளைப் பொறுக்கி எடுப்பதைவிட எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சத்துமாவைத் தனி நாளில் கொடுப்பது பலன் தரும்.

மூட்டைக்குள் இருப்பதும் முக்கியம். காய்ந்த பீன்ஸ் வேக இரண்டு மூன்று மணி நேரம் விறகு எரிய வேண்டும். உடைத்த பட்டாணி சீக்கிரம் வெந்துவிடும், விறகும் தண்ணீரும் மிச்சம். மில் இல்லாத ஊருக்கு முழு மக்காச்சோளம் அனுப்பினால் அரைக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழும்.

மழை தப்பினால் இளைஞர்கள் மந்தையைத் தொலைமேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். அதோடு பாலும் போய்விடும். ஊரில் மிஞ்சுவது பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத்தில் ஷினிலே, லிபன் பகுதிகளில் கறவைகள் சிலவற்றை மட்டும் வீட்டருகே நிறுத்தித் தீவனம் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பால் தொடர்ந்து கிடைத்தது. உங்கள் லாரியில் இடமிருந்தால் கொஞ்சம் தீவனமும் ஏற்றுங்கள், கறவை நிற்கும் அடுப்புகளுக்கு மட்டும்.

மாற்றியதெல்லாம் பலித்ததா என்று பார்க்க, வழங்கிய பத்தாம் நாள் போங்கள். மூத்தவளிடம் கேட்டுவிட்டுத் திரும்பாமல், இளையவள் குடிசைக்கும் போய் சாக்கில் இன்னும் எத்தனை டின் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.