வாசகர் கேள்வி: ஒரே இனிஷியல்

கேள்வி: சார், எனக்கு வயது 31. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம், வேலை திருச்சியில். கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்த பழக்கம் விடாமல், நாலு வருடமாக ஒரு சாரணர் குழுவுக்குச் சம்பளமில்லாத் தலைவராக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் பையன்களோடுதான். போன வருடம் சேர்ந்த ஒருவனுக்கு இப்போது 15 வயது. முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரன், அதிகம் பேச மாட்டான், எல்லாப் பையன்களையும் போல என்னை அண்ணா என்று கூப்பிடுவான். அவனுக்கும் எனக்கும் ஒரே இனிஷியல், அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? அடுத்த மாத முகாமுக்குப் பெற்றோர் சம்மதப் படிவம் வாங்கும்போதுதான் அப்பா பெயரை முழுசாகப் பார்த்தேன். என் அப்பா பெயர். ஊர், என் ஊர். தொழில் என்ற இடத்தில் 'பஸ் கண்டக்டர், காலமாகிவிட்டார்'. என் அப்பாவும் கண்டக்டர்தான், பாதி நாள் திண்டுக்கல் பக்கம் டூட்டி என்று போய்விடுவார். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அதையே சாக்காக வைத்து அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படத்தில் என் அப்பா. அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார், காபி சாப்பிடுகிறீர்களா என்றார். நான் ஓடி வந்துவிட்டேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எதுவும் தெரியாது. பையனிடம் சொல்லிவிடலாமா? டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டுமா? குழுவை விட்டு விலகிவிடவா? அப்புறம், ஊரில் அப்பா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது, அதில் அவனுக்கும் ஏதாவது...?
(பெயர், முகவரி வேண்டாம், திருச்சி)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சுவரில் இருந்த படம்தான் மனசில் நின்றது. இரண்டாம் தடவை அந்தக் காபி. தன் வீட்டுக்காரர் சாயலில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்றால் 'எந்த ஊர் தம்பி நீங்க, யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்காத பெண்மணி நம் பக்கத்தில் உண்டா? அவர் கேட்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு சந்தேகமும் வருகிறது, தப்பாகவும் இருக்கலாம்: திருச்சியில் இத்தனை பள்ளிக்கூடங்களும் குழுக்களும் இருக்க, அவன் உங்கள் குழுவில் வந்து சேர்ந்தது தற்செயல்தானா?

பையனிடம் சொல்லாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனுக்கு இதைச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருக்கவே கூடாது. ஏன் என்று கேட்டால், இந்த விஷயம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது, மாத்திரை எதுவும் ஒத்துக்கொள்ளாதா, அதற்காக ஒரு தாய் எழுதிக் கொடுத்த காகிதம் அது. குழுத் தலைவரை நம்பிக் கொடுத்தது. அதில் படித்ததை அண்ணனாகக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தீர்கள் என்றால், அடுத்த சனிக்கிழமை முதல் அவனுக்குத் தலைவரும் இருக்க மாட்டார், அண்ணனும் இருக்க மாட்டார்.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். நானும் பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாரணர் படையைப் பார்த்துக்கொண்டவன். ஒரு முகாமுக்கு முந்தின நாள் படிவங்களைச் சரிபார்க்கும்போது, அப்பா பெயர் இடம் காலியாக இருந்த ஒரு பையனை, 'என்னடா, அப்பா பேரையே மறந்துட்டியா' என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், மற்ற பையன்கள் சிரித்தார்கள். அவன் முகாமுக்கு வரவில்லை, அப்புறம் படைக்கும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து அவனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்காத மாதிரி போய்விட்டான்.

அதனால் முதலில் அந்த அம்மாவிடம் போங்கள், பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் ஒரு வேலை நாளில். இந்தத் தடவை காபியைக் குடியுங்கள். என்னவென்று கூப்பிடுவது என்று தயங்காதீர்கள், 'அம்மா' போதும், சித்தி, சின்னம்மா என்பதெல்லாம் அவரே இடம் கொடுத்தால் பிறகு வரட்டும். 'சின்ன வீடு' என்ற வார்த்தை உங்கள் நினைப்பில்கூட வேண்டாம். நியாயம் கேட்கப் போகவில்லை, கேட்க வேண்டிய ஆள் படமாகிவிட்டார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பிக்கு என்ன தெரியும்?' பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று அவர் சொன்னால் காத்திருங்கள். 'அவனுக்கு எல்லாம் தெரியும்' என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

டி.என்.ஏ. விஷயம். உங்கள் அப்பா படமே சுவரில் இருக்கும்போது எதற்கு என்று தோன்றினாலும், மனசு கேட்காது, தெரியும். கூடப் பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி மரபணு பொதுவாக இருக்கும், ஒரு பெற்றோர் மட்டும் பொது என்றால் கால் பங்கு. ஆனால் பெரியப்பா, சித்தப்பாவுக்கும் உங்களுக்கும் இடையிலும் அதே கால் பங்குதான், அந்த எண்ணை மட்டும் வைத்து யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிட முடியாது. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதுவும் ஒரே ஆண் வழி என்பதைக் காட்டுமே தவிர, அந்த ஆண் உங்கள் அப்பாவா, அவர் தம்பியா என்று காட்டாது. இரண்டையும் வயதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும். எப்படியானாலும் அவன் மைனர், அவன் அம்மா சம்மதம் இல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது. முகாமில் அவன் குடித்து வைத்த தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வரும் யோசனை உங்களுக்கு வந்திருந்தால் (வந்திருக்கும்) இத்தோடு விட்டுவிடுங்கள்.

குழுவை விட்டு விலக வேண்டாம், திடீரென்று நீங்கள் காணாமல் போனால் அவன் என்ன நினைப்பான்? ஆனால் இப்போது இருக்கிற மாதிரியும் இருக்க முடியாது. கூட இருக்கும் இன்னொரு தலைவரிடம், 'அந்தப் பையன் எங்களுக்குச் சொந்தம், அதனால் அவன் அணியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, நம் ஊரில் சொந்தம் என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கு அவன் தயாராகிற வயசு, அந்தத் தேர்வு எதற்கும் நீங்கள் மார்க் போடாதீர்கள். சலுகை காட்டுவீர்கள் என்பது எனக்குப் பயமில்லை, சலுகை காட்டிவிடக் கூடாது என்றே அவனை மற்றவர்களைவிட இறுக்கிப் பிடிப்பீர்கள் என்பதுதான் பயம். தனியாக அவனை வண்டியில் கூட்டிப்போவது, செல்போன் வாங்கித் தருவது இதெல்லாம் கூடாது. எந்தப் பையனுக்குமே கூடாது, இவனுக்கு இன்னும் கூடாது.

வீட்டைப் பற்றிக் கடைசியில், அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் உங்களைத் தூங்க விடாத கேள்வி என்று படுகிறது, அதில் தப்பும் இல்லை. முதல் மனைவி இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி செல்லாது. ஆனால் அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளை, அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி சட்டபூர்வமான பிள்ளை. உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை என்றால், உங்கள் அம்மா, அக்கா, நீங்கள், அந்தப் பையன் நாலு பேருக்கும் சமபங்கு. அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, ஐந்தாகப் பிரியும். அந்த அம்மாவுக்கு மனைவி என்ற முறையில் பங்கு இல்லை. பூர்வீகச் சொத்தாக இருந்தால், அதில் உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு வருமோ அதற்குள் இந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. திருமணம் என்ற ஒன்று நடந்ததா, கோயிலில் தாலி கட்டினாரா என்பது இங்கே முக்கியம், ஆகவே வக்கீல் இல்லாமல் முடியாது.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்தானே இருக்கிறது என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லலாம். பங்கு யாருக்கு என்பதை அந்தச் சான்றிதழ் முடிவு செய்யாது. 'ஐம்பதாயிரம் கொடுத்து அந்த அம்மாவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடு' என்று சொல்ல ஒரு மாமா கட்டாயம் வருவார். மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயே விட்டுக்கொடுத்தாலும் அந்தப் பையன் பின்னால் அதை ரத்து செய்யச் சொல்லலாம். கோர்ட்டில் எதிரெதிரே நின்றுதான் அண்ணன் தம்பி என்று தெரிந்துகொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் யார் சொல்வது? நீங்களும் அக்காவும் சேர்ந்து, சொத்துப் பேச்சு எதுவும் ஆரம்பிப்பதற்கு முன்னால். அப்பாவின் திதி அன்று வேண்டாம், அப்பத்தா பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல் டூட்டி பார்த்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்கு எதுவுமே தெரியாது என்று நீங்கள் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னையில் ஒரு இல்லத்திலிருந்து என்னைத் தத்தெடுத்ததாக என் பெற்றோர் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். போன மாதம் அத்தை வாய் தவறி, 'உனக்கு ஒரு அக்கா இருந்தாளாம்' என்றார். கண்டுபிடிக்க வழி உண்டா? ஒரு துப்பறியும் நிறுவனம் முடியும் என்கிறது.
(ஒரு வாசகி, கோவை)

பதில்: துப்பறியும் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பூர்வீகத்தைத் தேடும் உரிமை உங்களுக்கு மட்டும்தான், மூன்றாம் நபர் யாரும் அதைச் செய்யக் கூடாது என்பது 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. 18 முடிந்துவிட்டதால் நீங்களே நேரடியாக அந்த இல்லத்துக்கோ, உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ, 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்துக்கோ எழுதலாம். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்திருந்து, தங்கள் விவரத்தை வெளியிடக் கூடாது என்று சொல்லியிருந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயர், முகவரி கிடைக்காது. எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்ற அளவுக்குத் தெரியவரலாம். அக்காவும் வேறு வீட்டுக்குத் தத்துப் போயிருந்தால், அவருடைய ஃபைல் அவருடையது, அதை உங்களிடம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உங்கள் கடிதத்தை உங்கள் ஃபைலோடு சேர்த்து வையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். என்றாவது அவரும் வந்து கேட்டால் அது அங்கே இருக்கும். எச்சில் அனுப்பிப் பார்க்கும் டி.என்.ஏ. கம்பெனிகளைப் பற்றியும் கேட்பீர்கள், அக்காவோ அவருக்கு நெருங்கிய சொந்தமோ அதே கம்பெனிக்கு அனுப்பியிருந்தால்தான் பெயர் வரும். நம் நாட்டில் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தேட ஆரம்பிக்கும் முன் உங்கள் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அத்தை மூலம் அவர்களுக்குத் தெரிய வேண்டாம், அவ்வளவுதான். அந்த அத்தைக்கு வாய் அடிக்கடி தவறும் போலிருக்கிறது.

கேள்வி: கல்லூரி முடித்துவிட்டேன், என்.எஸ்.எஸ்.ஸில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் பார்த்தவன். ஊரில் பையன்களைச் சேர்த்து ஒரு குழு நடத்த ஆசை. முதலில் என்ன வாங்க வேண்டும்? பந்தா, வலையா?
(ஒரு வாசகர், மணப்பாறை)

பதில்: ஒரு பூட்டு போட்ட பெட்டி. பெற்றோர் எழுதிக் கொடுக்கும் படிவங்களை அதில் வையுங்கள், திண்ணையில் பரப்பி வைத்து எண்ணாதீர்கள். அப்புறம் உங்களைப் போலவே இன்னொரு பெரியவர், அது காசு கொடுத்து வாங்க முடியாதது, ஆனால் ஒற்றை ஆளாக ஒரு நாளும் குழு நடத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருந்தால், போக்சோ சட்டப்படி சொல்லாமல் இருந்தவருக்கே தண்டனை உண்டு, 'ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள்' என்பது அங்கே எடுபடாது. பந்தைப் பையன்களே கொண்டு வருவார்கள்.