காற்று வரும் பக்கம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஈரானின் ஆபாதான் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எண்ணெய் நகரங்கள் மேல் உங்களுக்கு ஏனோ ஒரு கோபம். நான் 22 ஆண்டுகளாகக் குவைத்தில், அகமதியில் வேலை பார்க்கிறேன். பாலைவனத்தில் மரம், புல்தரை, ஒழுங்கான தெரு, எல்லாம் கம்பெனி கொடுத்தது. ஆபாதானிலும் கிளப், நீச்சல்குளம், சினிமா என்று கம்பெனி கொடுத்தது நிறைய. அதை விட்டுவிட்டுக் குறை மட்டும் சொல்வது நியாயமா? இன்னொரு கேள்வி: எண்ணெய் தீர்ந்தபின் இந்த ஊர்கள் என்ன ஆகும்?

ரவி

அன்புள்ள ரவி,

கோபமெல்லாம் இல்லை. ஆபாதான் மேல் எனக்கிருப்பது கிறுக்கு. உங்கள் கடிதம் வந்தபோதுகூட அந்த ஊரின் பழைய வரைபடம் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அகமதி என்று எழுதியதும் சிரித்துவிட்டேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

கிளப், நீச்சல்குளம், சினிமா எல்லாம் இருந்தன. சரி. ‘கொடுத்தது’ என்று எழுதினீர்களே, அதைத்தான் விட மனசில்லை. 1908இல் ஈரானின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தபோது ஆபாதான் என்பது பேரீச்ச மரம் நிற்கும் சேற்றுத் தீவு. கப்பல் வந்து நிற்க ஆறு இருந்தது, அதனால் குழாய் அங்கே போய்ச் சேர்ந்தது. 1912இல் ஆங்கிலோ-பெர்சியன் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ஓட்டியது யார்? இந்தியாவிலிருந்தும் ரங்கூன் பக்கத்து ஆலைகளிலிருந்தும் கப்பலில் வந்தவர்கள். அவர்கள் தொழுவதற்கு எழுப்பிய ‘ரங்கூனிகள் மசூதி’ ஆலை வேலியை ஒட்டி இன்றும் நிற்கிறது. முகப்பில் வண்ண வண்ணமாகப் பூவேலை; அந்த ஊர்க் கட்டடம் எதனோடும் ஒட்டாது. 1922இல் இந்தியத் தொழிலாளர்கள் கூலி போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. அதே வேலைக்கு அவர்களுக்குப் பின்னால் கடல் கடந்து போன நீங்கள் ‘கம்பெனி கொடுத்தது’ என்று எழுதலாமா? கை கூசவேண்டாமா, ரவி?

பல வருடங்களுக்கு முன் அங்கே இரண்டு நாள் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஒரு கடையில் சம்பூசே தின்றுகொண்டிருந்தேன். நம் சமோசாதான், காரமும் நம் காரம்தான். எதிரில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆலைச் சங்கை அங்கே ‘ஃபெய்தூஸ்’ என்கிறார்கள். அவர் அப்பா அதைக் கேட்டுத்தான் கடிகாரம் திருத்துவாராம். ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தம்ளரில் விரலை நனைத்து மேசைமேல் வரைந்தார். ஒரு கோடு, ஆறு. நடுவில் பெரிய வட்டம், ஆலை. வட்டத்துக்கு மேற்கே ஒரு கட்டம்: பிரெய்ம், வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள். கிழக்கே கடைத்தெருவும் தொழிலாளர் குடியிருப்பும். பிறகு குனிந்து, மேற்கிலிருந்து கிழக்காக மேசைமேல் ஊதினார். தண்ணீர்க் கோடுகள் சிலிர்த்தன. “ஷொமால்” என்றார்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வடமேற்குக் காற்றை நீங்களும் ஷமால் என்றுதானே சொல்கிறீர்கள்? அது முதலில் பிரெய்ம் புல்தரைமேல் வரும். பிறகு ஆலைக்குள் புகுந்து புகையையும் கந்தக நெடியையும் வாரிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போகும். காகஸாபாத், அதாவது ‘காகித ஊர்’ என்று ஒரு சேரி இருந்தது. துருப்பிடித்த எண்ணெய் டிரம்மைத் தட்டி நிமிர்த்திச் சுவர் வைத்த வீடுகள். 1940களில், உலகின் மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலையின் காலடியில் சொல்கிறேன். எண்ணெய் நகரத்தில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய சம்பளப் பட்டியலைத் தேட வேண்டாம். ஆலைக்கு எந்தப் பக்கம் வீடு கொடுத்தார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, இரண்டையும் பாருங்கள். நான் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் நீச்சல்குளத்தைப் பற்றியே பேசுகிறார்கள்!

எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். எல்லாரும் கேட்பதுதான். ஆபாதான் காலியானது எண்ணெய் தீர்ந்து அல்ல. 1980இல் ஈராக்குடன் போர் வந்து ஆலையில் குண்டு விழுந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் இருந்த ஊரில் 1986 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 6 பேர். கிணறுகளில் எண்ணெய் அப்படியேதான் இருந்தது. போர் முடிந்ததும் சனங்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவரும் வந்தவர்தான். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு தட்டு சம்பூசே சொன்னார்.

சரி, சிரித்த காரணம். ஆபாதானில் கம்பெனிக்குக் குடியிருப்புகள் வரைந்தவர் ஜேம்ஸ் மாலிசன் வில்சன். புது தில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸிடம் அங்கே உதவியாளராக இருந்து தொழில் பழகியவர். 1940களின் கடைசியில் உங்கள் அகமதியை வரைந்ததும் அவருடைய நிறுவனமேதான். வடக்கில் பிரிட்டிஷ் அதிகாரிகள், நடுவில் இந்திய, பாகிஸ்தானிய குமாஸ்தாக்கள், தெற்கில் அரபுத் தொழிலாளர்கள் என்று அங்கேயும் மூன்று பகுதி. உங்களுக்கு முந்தைய தலைமுறையில் வந்த நம்மவர்கள் யாராவது அங்கே இன்னும் இருந்தால், எந்தப் பகுதியில் வீடு கொடுத்தார்கள், சன்னலைத் திறந்தால் என்ன வாடை வந்தது என்று விசாரித்து எழுதுங்கள். புல்தரையைப் பற்றி வேண்டாம்.