நடுமேற்கு அமெரிக்கச் சிற்றூர்களில் பழைய ரயில் நிலையமும் தானிய எலிவேட்டரும் (தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து ரயிலில் நிரப்பும் உயரமான கட்டடம்) ஏன் ஒட்டியே நிற்கின்றன? இரண்டையும் காப்பாற்றத்தான் வேண்டுமா?

காப்பாற்றத்தான் வேண்டும். அதுவும் முடிந்தவரை இரண்டையும் சேர்த்து, தண்டவாளத்தின் ஓரத்திலேயே.

இல்லினாய்ஸின் புளூமிங்டனில் வேலைக்காகக் குடியிருந்தபோது அருகிலுள்ள அட்லான்டாவுக்கு அடிக்கடி போவேன். ஜார்ஜியாவின் பெருநகரம் இல்லை. ரூட் 66 சாலையில் இருக்கும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே 1903-ல் கட்டிய ஜே. எச். ஹாஸ் எலிவேட்டர் இருக்கிறது. முழுக்க மரம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத உயரமான வீடு போலத்தான் தெரியும். உள்ளே போனால்தான் அது ஒரு இயந்திரம் என்பது புரியும்.

விவசாயி வண்டியோடு வந்து எடை போடுவார். வண்டியைச் சாய்த்து மக்காச்சோளத்தைக் கீழேயுள்ள குழியில் கொட்டுவார்கள். சிறு வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிவரை தூக்கிச் செல்லும். அங்கிருந்து குழாய் வழியாக வேண்டிய அறையில் விழும். மேலே ஏற்றுவதற்கு மட்டும்தான் விசை வேண்டும், மிச்சத்தைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். ரயில் பெட்டியை நிரப்புவதும் அப்படியே. இந்த முறையை 1842-ல் பஃபலோ நகரில் நீராவி விசையோடு தொடங்கியவர் ஜோசப் டார்ட். அதற்கு முன் எல்லாம் மூட்டை, ஆள் முதுகு.

மூட்டை ஒழிந்ததில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. மூட்டையில் இருந்தவரை இது இன்னாருடைய கோதுமை என்று சொல்ல முடிந்தது. எலிவேட்டரில் கொட்டியதும் எல்லாம் கலந்துவிட்டது. ஆகவே தரம் பிரித்து ரசீது கொடுக்கும் பழக்கம் வந்தது. 1848-ல் தொடங்கிய சிகாகோ வணிக வாரியம் என்ற தானியச் சந்தை வளர்ந்தது அந்த ரசீதுகளை வாங்கி விற்றதில்தான். அங்கே நிர்ணயமான விலை சிற்றூருக்கு ரயில் நிலையத்தின் தந்திக் கம்பி வழியாக வந்தது. நிலையத்தில் தண்டவாளத்தைப் பார்த்தபடி முன்னே துருத்திய ஜன்னல் ஒன்று இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே உட்கார்ந்து இரு பக்கமும் ரயில் வருவதைக் கவனித்துக்கொண்டே தந்தியும் வாங்குவார். விலை ஒரு கட்டடத்தில், சரக்கு பக்கத்துக் கட்டடத்தில். இரண்டுக்கும் தண்டவாளம் வேண்டும் என்பதோடு, ஒட்டி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் இனிமையான பழைய காலம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. எடையும் தரமும் எலிவேட்டர்காரர் கையில், கட்டணம் ரயில் கம்பெனி கையில் என்றிருந்ததால் விவசாயிகள் கொதித்தார்கள். சங்கமாகத் திரண்டு மாநிலச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து எலிவேட்டர் முதலாளிகள் மேல்முறையீடு செய்த மன் எதிர் இல்லினாய்ஸ் வழக்கில், 1877-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எலிவேட்டர் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தனியார் தொழிலை அரசு ஒழுங்குபடுத்தலாமா என்ற விவாதத்தில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது. எனக்கு இந்தக் கட்டடங்கள் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? கணக்கு சுலபம். ஹாஸ் எலிவேட்டரின் கொள்ளளவு 29,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை). மக்காச்சோளம் என்றால் சுமார் 740 டன். இன்றைய சரக்குப் பெட்டி ஒன்றில் கிட்டத்தட்ட 100 டன் போகும். எலிவேட்டரையே காலி செய்தாலும் ஏழெட்டுப் பெட்டிதான் நிரம்பும். ரயில் கம்பெனிகள் விரும்புவதோ நூறு பெட்டிக்கு மேல் கோத்த முழு ரயிலை. 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் கம்பெனிகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், வருமானமில்லாத கிளைப் பாதைகளைக் கைவிடுவது இன்னும் எளிதானது.

ஹாஸ் எலிவேட்டரைக்கூட 1980-களின் கடைசியில் தீயணைப்புப் பயிற்சிக்காக எரித்துவிடத்தான் ஊராட்சி நினைத்தது. ஊர் மக்கள் தடுத்துச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். 1991-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் அது சேர்ந்தது.

ரயில் நிலையங்களின் கதி வேறு. சின்னக் கட்டடம் என்பதால் பல ஊர்களில் பெயர்த்துப் பூங்காவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இடிப்பதற்கு அது மேல்தான், ஆனால் தண்டவாளம் இல்லாத இடத்தில் அந்த ஜன்னல் எதற்கு என்று குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது? அட்லான்டாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய மான்டிசெல்லோவில், 1899-ல் கட்டிய வாபாஷ் ரயில் கம்பெனியின் நிலையத்துக்கு ரயில் அருங்காட்சியகத்தின் வண்டி இன்றும் வந்து போகிறது. இல்லினாய்ஸ் பக்கம் போனால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். எலிவேட்டரை முதலில் பாருங்கள்.