விலை போகாத கார்டில்தான் படம் இருக்கிறது

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேர்க்கிறான். பாக்கெட்டைப் பிரித்ததும் கையெழுத்துப் போட்டது, இத்தனையில் இத்தனையாவது என்று எண் அச்சிட்டது, ரூக்கி (புது ஆட்டக்காரரின் முதல் கார்டு) என்று இரண்டு மூன்றைப் பத்திரப்படுத்திவிட்டு மீதியை ஷூ பெட்டியில் போட்டுவிடுகிறான். "அதெல்லாம் காமன்மா, பத்து சென்ட் பெறாது" என்கிறான். எனக்கு அந்த ஆட்டமே பிடிபடாது. ஆனால் பெட்டியில் கிடக்கும் சில படங்களை எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லை. விலை போகாததை ரசிப்பது என் அறியாமையா? இவற்றை எப்படிப் பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரி, அறியாமை இல்லவே இல்லை. உங்கள் மகன் பத்திரப்படுத்திய கார்டுகளையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜெர்சித் துணி பதித்த கார்டில், துணிக்கு ஜன்னல் வெட்டியது போக ஆட்டக்காரருக்கு மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். கையெழுத்துக் கார்டில், கையெழுத்து தெரிவதற்காகப் படத்தின் கீழ்ப்பகுதியை வெளுக்க விட்டிருப்பார்கள். ரிஃப்ராக்டர் எனப்படும் மின்னும் கார்டில் வானவில் பளபளப்பு முகத்தின் மேலேயே ஓடும். எண் அச்சிட்டது பெரும்பாலும் சாதாரணக் கார்டில் உள்ள அதே படம், ஓரத்தின் நிறம் மட்டும் வேறு. அங்கே விலை கொடுப்பது அரிதாக இருப்பதற்கு. படத்தை எந்த மறைப்பும் இல்லாமல் தருவது அவன் ஒதுக்கிய காமன்தான்.

இந்த நிலைக்கு வர இந்தக் கார்டுகள் நெடுந்தூரம் வந்திருக்கின்றன. கார்டு வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1952 செட்டை, அதாவது அந்த ஆண்டுக் கார்டுத் தொகுப்பை, புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வடிவமைத்தவர் சை பெர்கர். வுடி கெல்மன் கூட இருந்து உதவினார். அதில் இருப்பவை கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்கு வண்ணம் ஏற்றியவை. அடுத்த ஆண்டே, போட்டி நிறுவனமான போமன் உண்மையான வண்ணப் புகைப்படங்களோடு ஒரு செட் போட்டது. முன்பக்கத்தில் பெயர்கூடக் கிடையாது, வெறும் படம். அதில் பீ வீ ரீஸ் சறுக்கி வரும் எதிரணிக்காரரின் மேலே எகிறி நிற்கும் கார்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். எழுபது வருடத்துக்குப் பிறகும் அதன் துணிச்சல் குறையவில்லை. ஆனால் அது விதிவிலக்கு. அதன் பிறகும் வெகுகாலம், ஆட்டக்காரரை வசந்தகாலப் பயிற்சி முகாமில் நிறுத்தி, மட்டையைத் தோளில் வைக்கச் சொல்லி எடுத்த படங்களே அதிகம். 1957 டாப்ஸில் ஹாங்க் ஆரன் இடக்கை ஆட்டக்காரராகத் தெரிகிறார். அவர் வலக்கைக்காரர், நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்!

ஆட்டத்தின் நடுவே எடுத்த படங்கள் டாப்ஸின் வழக்கமான கார்டுகளில் இடம்பிடித்தது 1971-இல். கறுப்பு ஓரம் கொண்ட அந்தச் செட்டில், புழுதிக்கு நடுவே தர்மன் மன்சன், எதிரணிக்காரர் ஓடிவந்து தொட வேண்டிய ஹோம் பிளேட்டைக் காக்கும் கார்டை இன்றும் கொண்டாடுகிறார்கள். 1991-இல் டாப்ஸ் கொண்டுவந்த ஸ்டேடியம் கிளப்பில் ஓரமே இல்லை, விளிம்பு வரை படம். நடுவில் நின்றுபோய் 2014-இல் மீண்டு வந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் இதுதான்.

இனி, பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். பெரிய மைதானத்தில் எடுத்த படத்தை அந்தச் சிறிய இடத்துக்குள் வெட்டி அடக்க வேண்டும். எங்கே வெட்டினார்கள் என்று முதலில் பாருங்கள். சுமாரான கார்டில் ஆள் நட்டநடுவே முழுசாக நிற்பார். சுற்றிலும் எதுவும் நடக்காது. நல்ல கார்டில் அவர் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பார். அவர் பாயப்போகும் திசையில் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அந்த இடம்தான் படத்துக்கு ஓட்டம் தருகிறது. மைதானத்தின் கோடியில் நிற்கும் அவுட்ஃபீல்டர் வேலியில் ஏறிப் பந்தைப் பறிக்கும் படத்தில், வேலிக்கு மேலே ரசிகர்களின் வாய் பிளந்த முகங்களையும் வெட்டாமல் விட்டவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

அடுத்து, பந்தை எறியும் பிட்சரைப் பாருங்கள். பந்தை விடுவதற்குச் சற்று முன்னால், அவருடைய முன்னங்கை பின்புறமாகச் சாய்ந்து கிட்டத்தட்ட தரைக்குப் படுக்கையாக இருக்கும். தோள் இப்படித் திரும்புமா என்று பயமாகக்கூட இருக்கும். நேரில் நம் கண்ணுக்கு அது சிக்காது. மணிக்கு 95 மைல் வேகப் பந்து ஒரு நொடியில் 42 மீட்டர் போகிறது. ஷட்டர் 1/2000 நொடி திறந்தாலும் அதற்குள் பந்து இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் பந்தின் சிவப்புத் தையல் தெளிவாகத் தெரியும் கார்டு கிடைத்தால், படமெடுத்தவர் இன்னும் வேகமாகப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயர் கார்டில் பெரும்பாலும் இருக்காது. இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பின்னணியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. செங்கல் சுவரில் கொடி படர்ந்திருந்தால் அது சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட். கொடி காய்ந்து பழுப்பாக இருந்தால் சீசன் தொடக்கம், பச்சையாக இருந்தால் கோடை. உயரமான பச்சைச் சுவர் என்றால் பாஸ்டனின் ஃபென்வே பார்க். படத்தில் எல்லார் முதுகிலும் 42 என்று இருந்தால் அது பெரும்பாலும் ஏப்ரல் 15. 1947-இல் அதே தேதியில் ஜாக்கி ராபின்சன் முதல் கறுப்பின வீரராக பேஸ்பாலின் உச்ச மட்டமான நவீன மேஜர் லீக்கில் இறங்கினார். அந்த நினைவாக 2009 முதல் அன்று எல்லா ஆட்டக்காரரும் அவருடைய எண்ணை அணிகிறார்கள். மட்டை பிங்க் நிறமா? அநேகமாக அன்னையர் தின ஆட்டம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 2006 முதல் நடக்கும் வழக்கம். உங்கள் பெட்டியிலும் ஒன்றாவது இருக்கலாம்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. ஓரமில்லாத கார்டுதான் எப்போதும் அழகு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1988 டாப்ஸில், மேலே உள்ள அணிப் பெயரை ஆட்டக்காரரின் தலை சற்றே மறைத்துக்கொண்டு முன்னால் வரும். அதனாலேயே தட்டையான அட்டையில் ஓர் ஆழம் உண்டாகிறது. ஓரமும் எழுத்தும் இருந்ததால்தான் அது முடிந்தது. என் வெறுப்பெல்லாம் மின்னும் ஃபாயில் எழுத்தின் மேல். பெயரைப் படிக்கக் கார்டை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தால் அது வடிவமைப்புக் குறை, எவ்வளவு பளபளத்தாலும்.

மகனிடம் வாதாட வேண்டாம். ஒன்பது கார்டு நுழையும் பிளாஸ்டிக் தாள் கடைகளில் கிடைக்கும். ஒரு தாளை நீங்கள் நிரப்புங்கள், இன்னொன்றை விலை பார்க்காமல் அவனை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு அவன் தேர்ந்த ஒவ்வொரு கார்டிலும் என்ன நடக்கிறது, அந்த ஆட்டக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று கேளுங்கள். ஆட்டம் உங்களுக்கு அப்படித்தான் பிடிபடும், அவன் வாயால்.

அடுத்த முறை அவன் கார்டு ஷோவுக்குப் போகும்போது நீங்களும் போங்கள். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றின் விலையை விசாரிக்கட்டும். நீங்கள் பத்து சென்ட், கால் டாலர் என்று எழுதி வைத்திருக்கும் நீளப் பெட்டிகளின் முன்னால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். ஐந்து டாலர் போதும்.