வால்வு கவர் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றியும் எஞ்சின் ஆயில் கசிகிறது. மூன்றாம் முறையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்றாவது கேஸ்கட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்கும் அதன் கீழுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் பட்டைதான் இந்தக் கேஸ்கட். புதுக் கேஸ்கட் அடுத்தடுத்து இரண்டு முறை விட்டுக்கொடுத்தது என்றால், பெரும்பாலும் பழுது வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளலாம். கேஸ்கட் உட்காரும் பரப்பு சரியில்லாமல் இருக்கலாம். கசிவு அங்கிருந்து வராமலே இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் மாற்றினால் மூன்றாவதும் ஒழுகும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. என்னுடையது 2013இல் பதிவான ஜப்பானிய செடான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) புதுப்பித்து ஓட்டுகிறேன். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்பதால் கசிவை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. ஒரு பட்டறையில் எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை கேஸ்கட் மாற்றினார்கள். இரண்டு முறையும் சில வாரங்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வண்டி நிறுத்துமிடத் தரையில் அதே கருப்புக் கறை வந்துவிட்டது.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, காக்கி புக்கிட்டில் சிறிய பட்டறை நடத்தும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பேனரையே கையில் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். டாஷ்போர்டில் கிடந்த பழைய பார்க்கிங் கூப்பன் ஒன்றை எடுத்து அந்தத் துளையின் மேல் வைத்தார். கூப்பன் துளையோடு ஒட்டி நிற்கவில்லை. படபடவென்று துடித்து ஒரு பக்கமாக நழுவி விழுந்தது. “பார்த்தாயா தம்பி, உள்ளே இழுக்க வேண்டியது வெளியே ஊதுகிறது. நீ எந்தக் கேஸ்கட் போட்டாலும் இது தள்ளிக்கொண்டுதான் வரும்” என்றார்.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, சிலிண்டரில் எரியும் வாயு கொஞ்சம் கீழே கசிவது எல்லா எஞ்சினிலும் இயல்பு. அந்த வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிப்பதற்காக பிசிவி வால்வு என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. பல கார்களில் அது வால்வு கவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது அடைத்துக்கொண்டால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அங்கே ஆயிலையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். அண்ணன் என் வண்டியின் வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. உள்ளே தார் போலப் பிசுக்கு. புது வால்வை ஆட்டியபோது கடகடவென்று ஒலித்தது. அந்த உருப்படியின் விலை, நான் ஒரு முறை கேஸ்கட் மாற்றக் கொடுத்த கூலியில் பாதிகூட இல்லை. அதோடு இணைந்த ரப்பர் குழாயையும் மாற்றினோம். குழாய் உள்ளுக்குள் உப்பி அடைத்திருந்தால் புது வால்வும் பயன்படாது.

சிங்கப்பூரில் நம்மில் பலர் வண்டி ஓட்டும் முறையும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஈரச்சந்தைக்குப் போய், பத்தே நிமிடத்தில் வீடு. ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே சேரும் ஈரப்பதம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து பிசுக்காகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மஞ்சளாக நுரை படிந்திருந்தால் பிசிவி வால்வைக் கட்டாயம் பாருங்கள். வாரம் ஒரு முறையாவது விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. சில ஐரோப்பியக் கார்களில் இதே வேலையை ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு செய்கிறது. அது கிழிந்தால் நேரெதிராக, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தூக்கவே முடியாத அளவுக்கு உள்ளே இழுக்கும், விசில் போன்ற ஓசையும் கேட்கும். அதுவும் கோளாறுதான்.

உங்கள் வண்டியில் ஆயில் ஊற்றும் துளையின் மேல் வைத்த காகிதம் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் அழுத்தம் காரணமில்லை. அடுத்து, கசிவு உண்மையில் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துச் செல்லும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேனில் தொங்கும் சொட்டு மேலே வால்வு கவரிலிருந்து வந்ததாக இருக்கலாம். கவரின் ஓரம் நனைந்திருப்பதற்கு, கவனிக்காமல் ஊற்றிய ஆயிலே காரணமாகவும் இருக்கலாம். பட்டறையில் எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் வீட்டில் இருக்கும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பெல்ட்டின் மேலும் காற்று உறிஞ்சும் குழாய் பக்கமும் மட்டும் படக் கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல்முனையே கசியும் இடம். மெதுவாகக் கசிகிற வண்டிக்கு, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, இரண்டு நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்ப்பது இன்னும் துல்லியம். ஆயில் அழுத்த சுவிட்சை மறந்துவிடாதீர்கள். அதன் மின் இணைப்புக்குள்ளேயே ஆயில் நின்றால் மாற்ற வேண்டியது அந்தச் சுவிட்சை மட்டுமே.

பொருத்தும் விதத்தில்தான் பல பட்டறைகள் அவசரப்படுகின்றன, இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அண்ணன் என் வண்டியின் இரண்டாவது கேஸ்கட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பள்ளத்தில் முதலாவதன் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. சூட்டில் இறுகிப்போன ரப்பர், நகத்தால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கியது. அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை வைத்து, சுற்றிலும் சிலிக்கான் பசையைப் பிதுக்கியிருந்தார்கள். ரப்பர் கேஸ்கட்டுக்குச் சுற்றிலும் பசை தேவையில்லை. டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில், தயாரிப்பாளர் கையேடு சொல்லும் இடத்தில் மட்டும், ஒரு சிறு பொட்டு போதும். அதிகமாக வைத்தால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். அப்போது சேதம் எஞ்சினுக்கே.

அலுமினியப் பரப்பை இரும்புத் தகட்டால் சுரண்டக் கூடாது. ஒரு கீறலே கசிவுக்கு வழி. பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடைக்க வேண்டும். கவரை ஒரு நேர்விளிம்பின் மேல் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் கோணியிருந்தால் கவரையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. போல்ட்டை முறுக்குவதற்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குகிறோம். வால்வு கவர் போல்ட்டுக்குப் பல சிறு கார்களில் 10 அளவில்தான். கை வலுவைக் காட்டினால் கேஸ்கட் நசுங்கிவிடும், கவரும் வளையும். நடுவிலிருந்து ஓரங்களுக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். பசை வைத்திருந்தால் அது இறுகும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் மதியத்துக்குள் வேலையை முடித்துத் திரும்ப நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவை நிறுத்தும் திரவப் புட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிய ரப்பரைச் சில காலம் மென்மையாக்கலாம். நசுங்கியதையும் கிழிந்ததையும் அவை சரிசெய்யாது.

எஞ்சினின் சுழல்தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் உள்ள பின்பக்க கிராங்க் சீல் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி அதிகம். உரிமைச் சான்றிதழ் முடிய ஓராண்டே இருக்கும் வண்டியில், கசிவு மிகச் சிறிதாக இருந்தால், ஆயில் அளவை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால் சூடான புகைக்குழாயின் மேல் சொட்டும் கசிவை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கருகல் வாடை காருக்குள் வந்தாலே நிறுத்துங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து அது.

பிசிவி வால்வும் குழாயும் புதிதாக மாற்றிய பிறகும் காகிதம் வெளியே தள்ளப்பட்டால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

என் வண்டி அந்த வேலைக்குப் பிறகு ஒன்றரை ஆண்டாகச் சொட்டவில்லை. நீங்கள் இந்த வார இறுதியிலேயே காகிதத்தை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் போனது, பவுடரில் முதல் ஈரம் எங்கே தெரிந்தது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கருத்துப் பகுதியில் எழுதினால், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.