ஆற்றில் ஒரு கால்

வணக்கம் ஐயா,

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதில்லை. ஆறு வருடங்களுக்கு முன், தூக்கமே வராத ஒரு காலத்தில், விபாசனா என்ற பௌத்தத் தியான முறையைக் கற்றுத்தரும் முகாமுக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அமர்கிறேன். பௌத்த நூல்களும் வாசிக்கிறேன். அதில் சொல்வது உண்மை என்றே படுகிறது. ஆலயத்தில் முழந்தாளிடும்போதும் நான் பொய்யாக இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக, திருப்பலியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்ற இடம் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்கிறாள் தோழி. "எல்லா மதமும் ஒன்றுதான், குழப்பிக்கொள்ளாதே" என்கிறார் கணவர். நான் இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறேனா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

எது ஆறு, எது சேறு என்று உங்கள் தோழி சொன்னாரா? கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதை நானும் ஒரு காலத்தில் மேடைகளில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. இயேசு சிலுவையில் இறந்தார் என்பதன் மேல் நிற்கிறது கிறிஸ்தவம். அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்கிறது குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், 157ஆம் வசனம். நடந்ததா இல்லையா என்ற கேள்வி இது. எல்லா நதியும் கடலுக்குத்தான் என்று இதைத் தாண்டிப்போகிறவர் இரு தரப்பையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. உங்கள் விஷயமும் அப்படித்தான். ஆலயத்தில் நீங்கள் பேசினால் கேட்க ஒருவர் இருக்கிறார். பௌத்தத்தில் படைத்தவர் என்று யாருமில்லை. உற்றுப் பார்த்தால், அமர்ந்திருக்கும் 'நான்' கூட நிலையாக இல்லை. பிறகு எந்த உடல், யாருடைய உயிர்ப்பு? உங்கள் வாய் சரியான இடத்தில்தான் மூடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஆளுக்கு ஒரு மதம் என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. ஜப்பானின் பூர்வீக மதம் ஷிண்டோ. அங்கே ஷிண்டோ, பௌத்த அமைப்புகள் தரும் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஆளை இருவரும் எண்ணுகிறார்கள். (அந்த ஆளையே கேட்டால், தனக்கு மதமில்லை என்றும் சொல்லக்கூடும்.) பல நூற்றாண்டுகள் ஷிண்டோ தெய்வங்களும் புத்தரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள், 1868இல் மெய்ஜி அரசு ஆணை போட்டுத்தான் பிரித்தது. சடங்கை மட்டும் கேட்கும் மதங்கள் அருகருகே இருந்துவிடும். 'நம்புகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கேட்கும் மதத்தில்தான் சிக்கல். உங்களுடையது அது.

அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபைக் குரு ஆன் ஹோம்ஸ் ரெட்டிங், தான் கிறிஸ்தவரும் முஸ்லிமும்தான் என்று 2007இல் அறிவித்தார். 2009இல் அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கினார்கள். அது தவறென்று நான் நினைக்கவில்லை. குரு என்பவர் சபையின் வாய். ஆனால் அவர் நெஞ்சறிந்துதான் சொன்னாரா என்பதை எந்த ஆணையும் தீர்க்க முடியாது. அது வேறு வழக்கு.

அந்த வழக்குக்கு நான் திரும்பத் திரும்பப் போவது அபிஷிக்தானந்தரிடம். ஆன்ரி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி அவர். 1948இல் இந்தியா வந்தார், 1973இல் இங்கேயே இறந்தார். ரமணரைக் கண்டார், அருணாசலக் குகைகளில் தங்கினார், அத்வைதத்தைத் தன் அனுபவமாகவே உணர்ந்தார். கிறிஸ்துவையும் விடவில்லை. இரண்டையும் பொருத்திக்காட்ட ஒரு இறையியலே எழுதிப் பார்த்தார். பின்னாளில் அது அவருக்கே போதவில்லை. நாட்குறிப்பு முழுக்கத் தவிப்பு. அவருடைய நண்பரும் கத்தோலிக்க இறையியலாளருமான ரைமோன் பணிக்கர், தான் கிறிஸ்தவனாகப் புறப்பட்டு, தன்னை இந்துவாகக் கண்டு, பௌத்தனாகத் திரும்பியதாகவும், இடையில் கிறிஸ்தவனாக இல்லாமல் போகவில்லை என்றும் சொன்னார். அழகாகத்தான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அதிக அழகாகத் தெரிகிறது. தவித்தவரைத்தான் நான் நம்புகிறேன்.

இங்கே ஆறுதல், அங்கே அமைதி என்று இரண்டிலும் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தால் உங்களை ஏமாற்றுக்காரர் என்றிருப்பேன். ஆனால் ஒன்று உங்களை இன்னொன்றில் பேசவிடாமல் நிறுத்துகிறது. நம்பாத வரியை உரக்கச் சொல்லாமல் நிற்கிறீர்கள். அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். ஒருநாள்கூடத் தியானத்தில் அமராதவர்களிடமிருந்தே அவர் அதைக் கேட்டிருப்பார்.

ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் இல்லை. தியானத்தில் அமர்வதால் மட்டும் யாரும் பௌத்தராகிவிடுவதில்லை, சரணடைந்தால்தான். முகாமின் தொடக்கத்தில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் வரிகளை மற்றவர்களோடு நீங்களும் சொல்லியிருக்கக்கூடும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதாவது, வீட்டில், யாரும் சொல்லச் சொல்லாமல், நீங்களாகவே அதைச் சொன்னீர்களா?