வாசகர் கேள்வி – பதில்: மால்டாவின் மஞ்சள் கல்

கேள்வி: இத்தாலிப் பயணத்தின் முடிவில் எனக்கு மூன்று நாள்கள் மீதம் இருக்கின்றன. மால்டாவுக்குச் செல்லலாம் என்கிறார் மகன். அவ்வளவு சிறிய நாட்டில் கலை, கட்டடக்கலை என்று பார்க்க என்ன இருக்கிறது?
– ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செல்லுங்கள், அம்மா. மால்டாவின் மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். அதனாலேயே பலர் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஓடி, எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறார்கள். அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரு கல்லை. குளோபிஜெரினா என்ற தேன்நிறச் சுண்ணாம்புக் கல், வெட்டியெடுக்கும்போது ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் மேற்பரப்பில் இறுகும் இயல்புடையது. பெருமரங்கள் அரிதான அந்தத் தீவு நாட்டில் கோயில், கோட்டை, வீடு அனைத்தும் இந்தக் கல்லிலேயே எழுந்தன.

தலைநகர் வலெட்டாவில் தொடங்குவது நல்லது. 1565-இல் ஒட்டோமான் படைகளின் நான்கு மாத முற்றுகையைத் தாங்கி நின்ற புனித யோவான் சபை வீரர்கள் (அப்போது மால்டாவை ஆண்ட கத்தோலிக்கத் துறவுப் படையினர்), மறு ஆண்டே ஒரு வெற்று மேட்டில் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். திருத்தந்தை அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லபரெல்லி வகுத்த நேர்கோட்டுத் தெருக்களில்தான் நகரம் இன்றும் நடக்கிறது. நகர வாயிலை ஒட்டி இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த நாடாளுமன்றக் கட்டடம் 2015-இல் திறக்கப்பட்டது. அதை வெறுப்பவர்கள் உள்ளூரிலேயே உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேள்வி: புனித யோவான் இணைப் பேராலயத்தில் உள்ள இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியத்தை எல்லோரும் போற்றுகிறார்கள். அதில் அப்படி என்ன சிறப்பு?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பேராலயத்தையே பாருங்கள். கட்டடக் கலைஞர் ஜிரோலமோ கஸ்ஸார் இராணுவப் பொறியாளராகவும் இருந்தவர் என்பதால், 1570-களில் எழுந்த அதன் முகப்பு ஒரு கோட்டையைப் போல வறண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் கண் கூசும். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் மத்தியா பிரேட்டி, சுவர்க் கல்லை அது இருந்த இடத்திலேயே செதுக்கச் செய்து பொன் பூசுவித்தார். வளைகூரையின் கல்லின் மீதே எண்ணெய் வண்ணத்தால் யோவானின் வாழ்க்கையைத் தீட்டினார்.

நீங்கள் கேட்ட ஓவியம் பக்கத்து ஜெபக்கூடத்தில் இருக்கிறது. கொலைக் குற்றத்துக்காக ரோமிலிருந்து தப்பியோடிய கரவாஜியோ 1607-இல் மால்டாவுக்கு வந்து, 1608-இல் ‘திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்’ என்ற இந்த ஓவியத்தை வரைந்தார். அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். ஆனால் மனிதர்கள் அனைவரும் இடப்பக்கத்தில் நெருங்கியிருக்க, வலப்பாதி சிறைச்சாலையின் வெறும் சுவராகவே விடப்பட்டுள்ளது. அங்குள்ள சன்னலில் இரு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். வாளால் முடியாத வேலையை முடிக்கக் கொலையாளி முதுகுப்புறம் செருகிய குறுவாளை உருவுகிறான். தலையை வைக்க வேண்டிய தட்டைச் சிறைக்காவலர் சுட்டிக்காட்டுகிறார். ஒரு கிழவி மட்டுமே தன் தலையைப் பிடித்துக்கொண்டு பதறுகிறாள். கொடுமை என்பது அலுவல்போல நடந்துகொண்டிருக்கும் அந்தச் சாதாரணத்தன்மைதான் இதன் பயங்கரம் என்பேன். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஓவியம் இது ஒன்றே.

அதே ஆண்டு ஜூலையில் சபை வீரராக ஏற்கப்பட்ட அவர், அடுத்த மாதமே ஓர் அடிதடியில் சிக்கிச் சிறைப்பட்டு, புனித ஆஞ்சலோ கோட்டையிலிருந்து தப்பினார். டிசம்பர் 1-ஆம் நாள் இதே ஜெபக்கூடத்தில் கூடிய சபை, அவரை ‘அழுகி நாறும் உறுப்பு’ என்று வெட்டி விலக்கியது. அங்கே குறைந்தது அரை மணி நேரம் நில்லுங்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: பேராலயத்தின் தரை முழுவதும் வீரர்களின் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால், கூரிய குதிகால் காலணிக்கு அனுமதி இல்லை.

கேள்வி: மால்டாவின் கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழமையானவை என்பது உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மை. மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவின் ஜிகன்டீயா கோயில் பொ.ஆ.மு. 3600-ஐ ஒட்டியது, கீசாவின் பெரும் பிரமிடு அதற்கு ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. உலோகக் கருவிகளே இல்லாத காலத்தில் கட்டியிருக்கிறார்கள். உலகிலேயே பழைய கோயில்கள் என்று சில விளம்பரங்களில் இன்னும் காண்கிறோம். துருக்கியில் இவற்றைவிட மிகப் பழைய கற்கட்டுமானங்களைக் கொண்ட கோபெக்லி தெபே வெளிப்பட்ட பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

தெற்குக் கரையில் அரை கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஹஜர் இம், இம்நாய்ட்ரா ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது மென்மையான குளோபிஜெரினாவால் ஆனதால் அரித்துப்போயிருக்கிறது. பின்னது பெரும்பாலும் கடினமான பவளச் சுண்ணாம்புக் கல் என்பதால் தாக்குப்பிடித்திருக்கிறது. இரண்டின் மேலும் 2009-இல் கூடாரக் கூரைகள் அமைக்கப்பட்டன. பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாள்களில் இம்நாய்ட்ராவின் தெற்குக் கோயிலில் உதயக் கதிர் வாயில் வழியே நேராக உள்ளே பாய்கிறது.

எனினும் கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர் தவறவிடக் கூடாதது ஹல் சஃப்லியெனி நிலத்தடிக் கல்லறைதான். 1902-இல் வீடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்ட இதில், பாறையைக் குடைந்து மூன்று தளங்கள் அமைத்திருக்கிறார்கள். தரைக்கு மேலிருந்த கோயில்களின் கூரைகள் இன்று இல்லை. இங்கே பாறையில், அடுக்கடுக்காக உள்நோக்கி நீளும் கல்வரிசைகளைப் போலச் செதுக்கிய கூரை அப்படியே இருக்கிறது. மேலே இழந்ததை அறிஞர்கள் கீழே பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். மனித மூச்சின் கரியமிலவாயுவும் ஈரமும் செங்காவிச் சித்திரங்களைக் கெடுக்கும் என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 பேரையே அனுமதிக்கிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்துவிட்டு, பிறகு விமானச் சீட்டை எடுப்பதே புத்திசாலித்தனம். இங்கே கிடைத்த ‘உறங்கும் பெண்’ என்ற சுடுமண் உருவம் வலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: படங்களில் பார்த்த ‘நீலச் சன்னல்’ பாறை வளைவுக்கு எப்படிப் போவது?
– வாசகி, மதுரை

பதில்: போக முடியாது. 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலில் அது கடலில் சரிந்துவிட்டது.

கேள்வி: வீரர்களும் பிரபுக்களும் போகட்டும். சாதாரண மக்களின் வரலாற்றை எங்கே பார்ப்பது?
– நூலகர், திருநெல்வேலி

பதில்: வலெட்டாவுக்கு எதிர்க்கரையில், துறைமுகத்தைப் படகில் கடந்தால் பிர்கு என்ற பழைய ஊர் வரும். அங்குள்ள, திருச்சபைக் கொள்கையை மீறியோரை விசாரித்த மதவிசாரணை அதிபரின் மாளிகையில், சிறையறைச் சுவர்களின் மென்கல்லில் கைதிகள் கீறிய உருவங்களும் எழுத்துகளும் இன்றும் உள்ளன. சாமானியரின் கைப்பட்ட ஆவணம் இதைவிட நேரடியாகக் கிடைப்பது அரிது.

அடுத்ததாக மோஸ்டா ஊர்த் தேவாலயம். ரோமின் பாந்தியோனை முன்மாதிரியாகக் கொண்டு 1833-இல் தொடங்கிய இப்பணியில், பழைய தேவாலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருக்க, அதைச் சுற்றியே ஊரார் தம் உழைப்பைக் கொடுத்துப் புதியதை எழுப்பினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியக் குண்டொன்று குவிமாடத்தைத் துளைத்து, பூசைக்குக் கூடியிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நடுவே விழுந்து, வெடிக்காமல் கிடந்தது. அதே மாதம் பிரிட்டிஷ் மன்னர் அத்தீவு மக்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கிய ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருது, 1964-இல் விடுதலை பெற்ற பின்னும் அந்நாட்டுக் கொடியில் நீடிக்கிறது. பூசை நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.